தலைக்கட்டுக்கு ஒரு ஆள்

நீங்கள் ஒரு மலை உச்சியில் உட்கார்ந்து சாமைச்சோறு தின்றுகொண்டிருக்கும்போது, கீழே தார் ரோட்டில் உங்களை யாராவது கைது செய்திருக்கிறார்களா? என்னைச் செய்தார்கள். சாலை மறியல், சட்டவிரோதமாகக் கூடியது, பொதுமக்களுக்கு இடையூறு. போலீஸ் பேப்பரில் என் பெயர், ஊர் எல்லாம் ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல் இருந்தது. நான் மட்டும் அங்கே இல்லை.

முதலில் இருந்து சொல்கிறேன்.

எங்கள் ஊர் சங்கராபுரத்துக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவில் இருக்கிறது. அப்பா குத்தகை நிலத்தில் கரும்பும் மரவள்ளியும் போடுகிறவர். நான் இன்ஜினியரிங் முடித்துவிட்டு வந்து, ஊரில் உள்ள மற்ற எல்லா இன்ஜினியர்களையும் போல மாடியில் படுத்து போனை நோண்டிக்கொண்டிருந்தேன். மாடி என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம், ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரே ஒரு ரூம். பகல் பன்னிரண்டு மணிக்கு அதற்குள் முட்டையை வைத்தால் வெந்துவிடும். அந்த ரூமில்தான் ஒரு நாள், டிகிரி முடித்தவர்கள் ஏர்ஃபோர்ஸில் நேராக ஆபீசராகச் சேரலாம் என்று ஒரு வீடியோ பார்த்தேன். அதுவரை எனக்குத் தெரிந்த ராணுவம் வேறு. விடியற்காலை கிரவுண்டில் ஆயிரம் பேரோடு ஓடி, நெஞ்சு அளந்து, சிப்பாயாகப் போவது. எலவனாசூர்கோட்டையில் இருக்கும் என் மாமா பையன்கள் இரண்டு பேரும் அப்படித்தான் போனார்கள். ஆபீசர் என்பது இங்கிலீஷிலேயே சண்டை போடும் வீடுகளில் இருந்து வருகிறவன் என்று நினைத்திருந்தேன்.

சும்மா அப்ளிகேஷன் போட்டேன். எழுத்துத் தேர்வு எழுதினேன். பாஸ். அடுத்து மைசூரில் ஐந்து நாள் தேர்வு இருக்கிறது, அதில் தேறினால் மெடிக்கல், அதற்கும் பிறகுதான் வேலை என்று அம்மாவுக்கு விளக்கினேன். அம்மா புளி கரைத்துக்கொண்டே கேட்டுவிட்டு, பாஸ் பண்ணியும் இன்னும் ரெண்டு பரீட்சை இருக்குதுன்னா அது இன்னாடா பாஸு என்றாள். ஆனால் அன்று மாலைக்குள் தெரு முழுக்கச் சொல்லியிருந்தாள். பையன் பிளேன் ஓட்டப் போகிறான் என்று. நான் விண்ணப்பித்ததோ தரையில் இருந்து வேலை பார்க்கும் பிரிவுக்கு. திருத்தவில்லை. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடு பிடித்தது. இருக்கிற ஒதுக்கீட்டுக்குள் எங்கள் சாதிக்குத் தனியாக இவ்வளவு என்று பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று சங்கம் கேட்டது. ஒரு வாரம் மனு கொடுப்பார்கள், இன்னொரு வாரம் கலெக்டர் ஆபீஸ் முன்னால் உட்காருவார்கள், அதற்கடுத்த வாரம் மறியல். கேட்டதில் தப்பு இருப்பதாக நான் அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை. நான் காலேஜில் சேர்ந்ததே ஒதுக்கீட்டில்தான். ஆனால் எங்கள் ஊரில் எதற்கும் ஒரு நோட்டு இருக்கிறது, அங்கேதான் சிக்கல்.

மாரியம்மன் திருவிழாவுக்கு வரி போடுவதற்காக, ஒவ்வொரு குடும்பத்தையும் ஒரு தலைக்கட்டு என்று கணக்கு வைத்து, அந்த வீட்டு ஆண் பெயரை எழுதி வைத்திருக்கும் நோட்டு அது. அவர் செத்துப்போனால் பெயரை அடித்துவிட்டு மகன் பெயரை எழுதுவார்கள். மறியலுக்கும் அதே நோட்டைத்தான் எடுத்தார்கள். தலைக்கட்டுக்கு ஒரு ஆள் வந்தே ஆக வேண்டும். வராத வீட்டுக்கு அபராதம் எல்லாம் கிடையாது. பேச்சு மட்டும் குறையும். கரும்பு வெட்டுக்குக் கூப்பிட்டால் ஆளுக்கு ஒரு சாக்குச் சொல்வார்கள். எங்கள் கரும்பு அப்போது வெட்டுக்கு நின்றுகொண்டிருந்தது. அப்பாவோ டிராக்டரில் இருந்து விழுந்து, தொடையில் பிளேட் வைத்துக் கட்டிலில் கிடந்தார். எங்கள் தலைக்கட்டில் மீதி இருந்த ஆண் நான் ஒருத்தன்தான்.

ஏர்ஃபோர்ஸ் வேலைக்கு நிரப்ப வேண்டிய பேப்பர்களில் ஒரு கேள்வி வரும் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. நீங்கள் எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா, உங்கள் மேல் வழக்கு ஏதும் உண்டா? ஆம் அல்லது இல்லை. மறியலில் பிடித்துக் கல்யாண மண்டபத்தில் வைத்திருந்து, சாம்பார் சாதம் போட்டு, சாயங்காலம் விட்டுவிடுவது எங்கள் பக்கம் ஒரு விஷயமே இல்லை. ஊரில் பாதிப் பேர் அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டவர்கள், உப்பு கம்மி என்று குறை சொன்னவர்கள். ஆனால் அந்தக் கட்டத்தில் நான் ஆம் என்று எழுதினால், அதை ஊருக்கு வந்து விசாரித்து போலீஸும் ஆம் என்று எழுதினால், வேலை போச்சு. அவ்வளவுதான் கணக்கு.

மறியலுக்கு நான்கு நாள் முன்பு நோட்டு வைத்திருப்பவர் வீட்டுக்கு வந்தார். எனக்குப் பெரியப்பா முறை. அப்பாவின் காலைத் தொட்டுப் பார்த்து விசாரித்துவிட்டு, என் பக்கம் திரும்பினார். வேலை விஷயம் அவருக்கும் போயிருந்தது.

"இன்னாடா, அங்க நமக்கு கோட்டா எவ்ளோ?"

"ஆபீசர் வேலைக்கு கோட்டாவே கெடையாது பெரிப்பா."

அவர் சிரிக்கவில்லை. "கோட்டாவே இல்லாத வேலைக்கு நீ போய்க்கினு இருக்கற. அப்ப நாங்க யாருக்குடா ரோட்ல போயி ஒக்கார்றது?"

அம்மாதான் டம்ளரை நீட்டிக்கொண்டே சொன்னாள், எங்கள் தலைக்கட்டுக்கு ஆள் வரும், டீ ஆறுது குடிங்க என்று.

அவர் போன பிறகு அம்மா என்னைக் கூப்பிட்டு, மலைக்குப் போய்விடு என்றாள். வூட்டில் இருந்தால் வந்து கையைப் பிடித்து இழுப்பார்கள், இல்லாதவனை இன்னா பண்ண முடியும்? ரோட்டில் உட்காரத்தானே வேண்டும், அதற்கு அவளே போகிறாள். பொம்பளை எதற்கு என்று கட்டிலில் இருந்து அப்பா கத்தினார். கரும்பு வெட்டப் பொம்பளை வரலாம், ரோட்டுக்கு மட்டும் வரக்கூடாதா என்று அம்மா திருப்பிக் கேட்டாள். பெரியப்பாவிடமும் அவளே போய்ச் சொன்னாள். அவர், யாராக இருந்தால் இன்னா, தலை ஒன்று வந்தால் சரி என்று சொல்லிவிட்டாராம்.

இப்படித்தான் நான் கல்வராயன் மலைக்குப் போனேன். காலேஜ் ஹாஸ்டலில் நான்கு வருடம் என்னோடு ஒரே ரூமில் இருந்தவன் அந்த மலைக்காரன். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி டேம் தாண்டி, பஸ் ஒவ்வொரு வளைவிலும் இருமி இருமி வெள்ளிமலை ஏறும். அங்கிருந்து அவன் ஊருக்கு ஏழு கிலோமீட்டர் நடை. ஒரு வாரம் தங்கினேன். என் வாழ்க்கையில் திரும்ப ஒரு முறை வேண்டும் என்று கேட்கக்கூடிய வாரம் ஒன்று உண்டென்றால் அதுதான்.

காலையில் பனி கலைவதற்குள் எழுப்பிவிடுவான். அவன் முன்னால் ஓடுவான், நான் பின்னால் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு போவேன். அந்த மேட்டில் அவன் ஓடுவது எனக்கு நடப்பது போல. மைசூரில் பலகையையும் கயிற்றையும் கொடுத்து, தரையில் கால் படாமல் பாரத்தைக் கடத்திக் காட்டு என்பார்கள் என்று வீடியோவில் பார்த்திருந்தோம். அதனால் மூங்கிலையும் மாட்டுக் கயிற்றையும் எடுத்துப்போய் ஓடையில் பழகினோம். பாரத்துக்குக் கடுக்காய் மூட்டை. அது இரண்டு முறை தண்ணீரில் விழுந்தது. மூன்றாவது முறை விழுந்தபோது அவன் அம்மா வந்துவிட்டார். மூன்று நாள் காயவைத்த கடுக்காய் அது. அவர் திட்டியது எங்கள் பக்கத்துத் தமிழே இல்லை, பாதிதான் புரிந்தது, புரிந்த பாதியே போதுமானதாக இருந்தது. அன்று மத்தியானம் முழுக்க நாங்கள் இருவரும் ஒவ்வொரு கடுக்காயாகத் துடைத்துப் பாறையில் பரப்பினோம்.

சாயங்காலம் இன்டர்வியூ பயிற்சி. அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கவிழ்த்துப் போட்ட உரல் மேல் உட்காருவான், நான் எதிரில் நிற்க வேண்டும். ஏன் ஏர்ஃபோர்ஸில் சேர விரும்புகிறீர்கள் என்று இங்கிலீஷில் கேட்பான். நான் நாட்டுக்குச் சேவை என்று ஆரம்பிப்பேன். நெக்ஸ்ட் என்பான். வானம் சின்ன வயசிலிருந்தே என்று ஆரம்பிப்பேன். நெக்ஸ்ட் என்பான். கடைசியில், உண்மையைச் சொல்லுடா நாயே என்றான். ஆஸ்பெஸ்டாஸ் ரூமில் சூடு தாங்கவில்லை என்றேன். அதைச் சொல்லு, அதை நம்புவார்கள் என்றான். மைசூரில் கிட்டத்தட்ட அதைத்தான் சொன்னேன். அந்த ஆபீசர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

மறியல் நாளன்று மனசு ஒரு நிலையில் இல்லை. அந்த ஊரில் ஒரே ஒரு பாறை மேல்தான் சிக்னல் கிடைக்கும், அதுவும் போனை இடது காதில் வைத்தால். காலையில் இருந்து அந்தப் பாறையிலேயே கிடந்தேன். அம்மா போன் எடுக்கவில்லை. அப்பா எடுத்து, போயிருக்காடா, நீ உன் வேலையைப் பார் என்று வைத்துவிட்டார். நண்பன் இரண்டு தட்டில் சாமைச்சோறும் மொச்சைக் குழம்பும் பாறைக்கே கொண்டுவந்தான். தின்றுகொண்டே, எங்கள் ஊரில் ரோட்டை மறிக்கிறார்கள், போலீஸ் வந்திருக்கும், அம்மா மாட்டிக்கொண்டிருப்பாள் என்று புலம்பினேன். அவன் எலும்பே இல்லாத குழம்பில் விரலை விட்டுத் துழாவிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஒங்களுக்கு மறிக்கறதுக்கு ரோடாச்சும் இருக்குது மச்சான்," என்றான். "எங்களுக்கு அது போடணும்னு கேட்டே பதினஞ்சு வருசம் ஆவுது."

அப்புறம் என் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினான். அவ்வளவுதான் பேச்சு.

சாயங்காலம் ஆறு மணிக்கு அம்மா கூப்பிட்டாள். விட்டுவிட்டார்கள், வீட்டுக்கு வந்துவிட்டேன், சாப்பாட்டில் உப்பு நிஜமாகவே கம்மிதான் என்றாள். எனக்கு உடம்பே லேசாகிவிட்டது. ஆபத்து முடிந்தது என்று நினைத்தேன்.

மைசூரில் ஐந்து நாளும் தேறினேன். பெங்களூரில் மெடிக்கல் ஆனது. மாதக்கணக்கில் காத்திருந்த பிறகு லிஸ்டில் என் நம்பர் வந்தது. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் ஒரு ஜெராக்ஸ் கடையில்தான் அதைப் பார்த்தேன். கடைக்காரர் என் சர்ட்டிபிகேட்டுகளை மெஷினில் வைத்துக்கொண்டிருந்தார். நான் கத்தின கத்தில் பேப்பர் கோணலாகப் போய், வேலைதான் கெடச்சிடுச்சே, வீணான பேப்பருக்கும் சேர்த்துக் காசு கொடு தம்பி என்றார். ஹைதராபாத்தில் பயிற்சியில் சேர ஒரு தேதி கொடுத்திருந்தார்கள். அதற்குள் போலீஸ் சரிபார்த்த பேப்பர் வேண்டும். கைதானதுண்டா என்ற கட்டத்தில் இல்லை என்று பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.

ஒரு வாரம் கழித்து ஸ்டேஷனில் இருந்து ஓர் ஏட்டு வந்தார். நல்ல மனிதர். மாஸ்க்கைத் தாடையில் இறக்கிவிட்டு அம்மா கொடுத்த மோரைக் குடித்தார். பிறகு ஃபைலைத் திறந்து, இல்லை என்று எழுதியிருக்கிறாயே தம்பி, போன வருடம் மறியல் கேஸில் உன் பெயர் இருக்கிறதே என்றார். அந்த நாளில் நான் மலையில் இருந்தேன் என்றேன். அவர் பேப்பரைத் திருப்பிக் காட்டினார். இருந்தது. முப்பத்தெட்டாவது பெயர்.

அம்மாவுக்கே அப்போதுதான் விஷயம் புரிந்தது. அன்று மண்டபத்தில் என்ன நடந்தது என்று அவள் சொல்லச் சொல்லக் கோத்துப் பார்த்தோம். நூறு பேருக்கு மேல் பிடித்திருக்கிறார்கள். ஒவ்வொருத்தராகப் பெயர் கேட்டு எழுதப் பொறுமை இல்லாமல், ஸ்டேஷன் எழுத்தர் பெரியப்பாவின் நோட்டை வாங்கி அப்படியே பார்த்து எழுதியிருக்கிறார். அந்த நோட்டில் பொம்பளைக்கு வரியே கிடையாது. எங்கள் தலைக்கட்டுக்கு ஆள் வந்தாயிற்று, அப்பாவுக்கு முடியாது என்பது ஊருக்கே தெரியும், ஆகவே பெரியப்பா அப்பா பெயருக்குப் பக்கத்தில் என் பெயரை எழுதியிருந்தார். விடும்போது ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கினார்களாம். என் பெயரைக் கூப்பிட்டதும் அம்மா எழுந்து போயிருக்கிறாள். இது என் பையன் பேரு சார் என்று சொல்லியும் இருக்கிறாள். யாராச்சும் ஒருத்தர் போட்டா சரி, கையெழுத்தப் போட்டுட்டுக் கிளம்பும்மா என்றிருக்கிறார் எழுத்தர்.

அம்மாவோடு நேராகப் பெரியப்பா வீட்டுக்கு ஓடினேன். அவர் முகத்தில் ஒரு பெருமை. நாளைக்கு எவனும், இவன் வேலைக்குப் பயந்து மறியலுக்கு வரவில்லை என்று சொல்லிவிடக் கூடாது, அதனால் நானே உன் பெயரைப் போட்டேன் என்றார். எனக்குச் செய்த உதவியாம். வேலை போகப்போகிறது பெரிப்பா என்று சொன்னதும் அந்த முகம் விழுந்த விதம் எனக்கு மறக்காது. சட்டையை மாட்டிக்கொண்டு நோட்டை எடுத்துக்கொண்டு எங்களோடு கிளம்பிவிட்டார்.

சேர வேண்டிய தேதிக்குப் பதினெட்டு நாள் இருந்தது. ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் கேட்டார். ஏட்டு பழைய பேப்பரைத் தேடி எடுத்துவந்தார். முப்பத்தெட்டாவது பெயர் என்னுடையது. அதற்கு நேராக, எட்டாவது வரை படித்த என் அம்மா தன் பெயரை முழுசாக, கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் கீழே இறக்கி, எழுதி வைத்திருந்தாள். அந்த இறுக்கத்திலும் ஏட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இன்ஸ்பெக்டர் ஒரு வழி சொன்னார். உங்கள் ஊரில் இதே பெயரில் வேறு ஒருத்தன் இருக்கிறான் என்று எழுதிவிடலாம். அவன் வேறு, நீ வேறு. யாருக்கும் கஷ்டம் இல்லை. எப்படியும் அரசு இந்தக் கேஸை எல்லாம் ஒரு நாள் வாபஸ் வாங்கிவிடும்.

நிஜமாகவே அந்தப் பெயரில் இன்னொருத்தன் இருந்தான். கீழத்தெருவில். கூலிக்கு மரவள்ளிக் கிழங்கு பிடுங்கப் போகிறவன், என்னோடு ஐந்தாவது வரை படித்தவன், மறியலுக்கே வராதவன். அது அந்த ரூமில் இருந்த எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டார். நான் வாயைத் திறக்கவில்லை. இதை மட்டும் நான் மழுப்பாமல் எழுதியாக வேண்டும். பதினெட்டு நாளை எண்ணிக்கொண்டு, யாராவது சரி என்று சொல்லிவிட மாட்டார்களா என்று காத்துக்கொண்டு நின்றேன்.

அம்மாதான் பேசினாள்.

"அந்தப் புள்ள எங்கயும் வர்ல சார். நான்தான் வந்தன். நான்தான் ஒக்காந்தன், சோறும் நான்தான் துன்னன். எம் பேர எழுதிக்கோங்க."

"பொம்பள பேர்ல கேஸ் எதுக்கும்மா. வாய்தா வாய்தான்னு நீதான் அலையணும்."

"அலையறன். எனக்கு இன்னா ஏரோபிளேனா ஓட்டணும்?"

இன்ஸ்பெக்டர் பெரியப்பாவிடம் நோட்டை வாங்கினார். பெயர் தவறாகப் பதிவாகிவிட்டது, உண்மையில் வந்தது தாயார் என்று அவரிடம் வாக்குமூலம் எழுதி வாங்கி, கோர்ட்டுக்குத் திருத்தம் அனுப்பினார். அது போய், ஆகி, என் பேப்பரில் ஆட்சேபம் இல்லை என்ற முத்திரை விழ இரண்டு வாரம் ஆனது. அந்த இரண்டு வாரமும் அம்மா தினமும் காலையில் ஸ்டேஷன் வாசலில் போய் நின்றாள். பொம்பளை பேரில் கேஸை வாங்கி வந்துவிட்டாளே என்று வீட்டில் அப்பா அவளோடு பேசவில்லை. கடைசி நாள் ஏட்டே பைக்கில் வந்து பேப்பரைக் கொடுத்தார்.

கிளம்பும் அன்று சங்கராபுரத்தில் பஸ் ஏற்றிவிட அம்மாவும் நண்பனும் வந்தார்கள். அவன் மலையில் இருந்து இறங்கி வந்திருந்தான், கையில் ஒரு பை சாமை அரிசி. ஆபீசர் சாப்பாட்டில் இதெல்லாம் போட மாட்டார்கள் என்றான். அம்மா என்னைவிட அவனிடம்தான் அதிகம் பேசினாள். வாய்தா அன்று கோர்ட்டுக்கு எந்தப் பஸ்ஸில் போனால் சீக்கிரம் போகலாம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பஸ் நகர்ந்தபோதுகூட அவன் கையை நீட்டி ஏதோ திசை காட்டிக்கொண்டிருந்தான், அவள் தலையாட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் எனக்குக் கை காட்ட மறந்துவிட்டார்கள். நான் ஜன்னல் வழியாக அவர்களைப் பார்த்துக்கொண்டே போனேன், அந்த ரோடு முழுக்க.

பயிற்சி முடிந்து தோளில் பட்டை வந்தது. இப்போது அசாமில் ஒரு விமானத் தளத்தில் இருக்கிறேன், இங்கே ரூமில் ஏசி இருக்கிறது. போராடிய ஒதுக்கீடு சட்டமாக வந்தது, பிறகு கோர்ட்டில் நிற்காமல் போனது. வாபஸ் ஆகும் என்ற கேஸ் வாபஸ் ஆகவில்லை. வரும் செவ்வாய்க்கிழமை கள்ளக்குறிச்சியில் அம்மாவுக்குப் பதினோராவது வாய்தா.